கூரை ஓரத்து நாகம்

குடை விற்கிறவன் வீட்டுக்குள் மழை பெய்தால் ஊர் சும்மா இருக்குமா? மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் சந்து சும்மா இருக்கவில்லை. காலையில் நான் கடைக்குப் புறப்படும்போது எதிர்வீட்டுக்காரர் முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு கேட்பார், விற்காத குடை ஏதாவது இருந்தால் வீட்டுக்கு எடுத்து வரக்கூடாதா என்று. வீட்டு அளவுக்குக் குடை இன்னும் கப்பலில் வந்து சேரவில்லை என்று நானும் அதே கவலையோடு பதில் சொல்வேன்.

மலாக்கா டவுனில் ஒரு துணிக்கடை. அதன் வாசலில் குடை அடுக்கிய மேசைக்குப் பின்னால் நிற்பதுதான் என் உத்தியோகம். கிளேபாங் கடற்கரைப் பக்கம் வானம் கறுத்தால் முதலாளி முகத்தில் வெளிச்சம் வரும். "தம்பி, பெரிய குடையெல்லாம் முன்னால எடுத்து வையி" என்பார். வைப்பேன். அதே மேகம் கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக் கூரைக்கும் போய்ச் சேரும் என்று நினைத்துக்கொண்டே வைப்பேன். வாங்க வந்தவர்களுக்கு என் முகத்தைப் பார்த்துப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் யாரும் என்னிடம் பேரம் பேசவில்லை.

அப்போது என் மனைவி பிள்ளை உண்டாகியிருந்தாள். முந்தைய பிள்ளை தங்கவில்லை. அதனால் இந்த முறை மருத்துவச்சி கறாராகச் சொல்லிவிட்டார்: எழுந்து நடக்காதே, குனியாதே, படுத்தே இரு. அவளும் படுத்தே இருந்தாள். இருந்தது ஒரே ஒரு படுக்கையறை. கட்டிலைத் தெருப்பக்கச் சுவரை ஒட்டித்தான் போட முடியும். வேறெங்கே போட்டாலும் கதவு திறக்காது. மழை பெய்தால் அந்தச் சுவரில்தான் தண்ணீர் இறங்கும். முதலில் மேலே ஒரு கறை தெரியும். பிறகு கறைக்குக் கால் முளைக்கும். மழை விடுவதற்குள் அது நடந்து அவள் தலையணை வரைக்கும் வந்துவிடும்.

என் மனைவி மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். சாமி நம்முடையது, பேச்சு மலாய், உடுத்துவது கெபாயா, சமையலில் எது எந்த ஊர் என்று கேட்கக்கூடாது, சாப்பிட வேண்டும். நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவன். நான் விற்ற குடை ஒன்று முதல் காற்றிலேயே தலைகீழாக மடங்கிவிட்டது என்று தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் சண்டைக்கு வந்தவள் அவள். "இது குடை இல்லை, கிண்ணம்" என்று மேசையில் போட்டாள். மாற்றுக் குடை கொடுத்தேன். அதுவும் கிண்ணமாகிவிட்டது என்று மறுபடி வந்தாள். இரண்டாவது முறை நன்றாக இருந்த குடையை அவளே தலைகீழாக மடக்கிக்கொண்டு வந்தாள் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

என்னை அவள் 'பாயோங்காரர்' என்று கூப்பிடுவாள். பாயோங் என்றால் மலாயில் குடை. 'காரர்' நான் கொடுத்தது. அவளுடைய தமிழ் முழுக்க என்னிடம் கற்றதுதான், ஆகவே அதில் உள்ள ஓட்டைகளும் என்னுடையவை. "நீங்க கடைக்குப் போ" என்பாள். மரியாதை பாதி வாக்கியத்திலேயே இறங்கிவிடும்.

மாமியார் அடுத்த தெருவில் தனியாக இருந்தார். பலகாரம் செய்து விற்பார். தமிழில் சாமி பெயர்களும் சில சாமான் பெயர்களும் தெரியும், மற்றதெல்லாம் மலாய்தான். அவர் பேச்சை இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். பாதி எனக்கே புரிந்தது, பாதி என் மனைவி சொன்னது, நடுவில் கொஞ்சம் அவர் கண்ணைப் பார்த்தே விளங்கியது. என் ஊர்ப்பெயரைக் கேட்ட நாளிலிருந்து என்மேல் அவருக்கு ஒரு சந்தேகம் கலந்த மதிப்பு உண்டு. மலாயில் நாகா என்றால் கடல் நாகம். கால் நான்கும் மீசையும் உள்ள, சீனர் கோயில் கூரைமேல் வளைந்து கிடக்குமே, அது. அந்தப் பிராணியின் பட்டினத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து குடை விற்கிறான் என்றால் எதற்கும் கொஞ்சம் எட்டியே நிற்பது நல்லது என்று அவர் நினைத்திருக்கலாம்.

ஒருநாள் மழை விட்டதும் வந்தார். நேரே சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"வியர்க்குது. உன் வீட்டுச் சுவருக்குக் காய்ச்சல் விட்டு வியர்க்குது."

"சரி பண்ணிடுறேன், மாமி."

"எப்போ? பிள்ளை நடந்து கடைக்கு வர்றப்பவா? பிள்ளை பெத்தவளுக்குக் குளிர்ச்சி ஆகாது. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். இந்தச் சுவர் காயலைன்னா கட்டிலோட தூக்கிட்டுப் போயிடுவேன்."

கட்டிலோடு தூக்குவாரா என்று நான் யோசிக்கவில்லை, தூக்குவார். ஆனால் அவர் வீட்டில் பேறு பார்த்தால் நாற்பது நாளுக்கு ஆண்வாசம் ஆகாது என்று பத்தியம் வைப்பார்கள். கட்டின புருஷனாக இருந்தாலும் வாசலில் நின்று சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போகவேண்டும். மாமியார் போனபின் என் மனைவி கூரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"போன தடவை நான் அழுதப்போ நீங்க பக்கத்துல இருந்தே. இந்தத் தடவை சிரிச்சாலும் பக்கத்துல இரு, பாயோங்காரர்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் அந்தச் சுவர் எனக்குச் சுவராகத் தெரியவில்லை.

முதல் வைத்தியம் என் தொழில் சார்ந்தது. கட்டிலின் தலைமாட்டில் ஒரு பெரிய குடையை விரித்துக் கட்டினேன். "பிறக்கிறதுக்கு முன்னாலேயே பிள்ளைக்குக் குடை பிடிச்சாச்சு, சுல்தான் வீட்டுப் பிள்ளைதான்" என்று அவள் சிரித்தாள். சுவரில் இறங்கும் தண்ணீரைக் குடை என்ன செய்யும்? வேடிக்கை பார்த்தது. இரண்டாவது வைத்தியமும் என் தொழில் சார்ந்ததுதான். கிழிந்த குடைத் துணிகளைத் தாரில் தோய்த்துக் கூரை ஓரத்தில் வரிசையாக ஒட்டினேன். பார்ப்பதற்குக் காக்கைக் கூட்டம் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. மத்தியான வெயிலில் தார் இளகியது. சரியாக அப்போது மாமியார் பலகாரத் தட்டோடு படியேறினார். வெள்ளைக் கெபாயா. அதற்குமேல் நான் விவரிக்க வேண்டாம். பலகாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொன்ன ஆறுதலும் எடுபடவில்லை.

பிறகுதான் புத்தி வந்தது. ஒழுகும் இடத்தைப் பார்க்காமல் வைத்தியம் செய்தால் எப்படி? ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. சந்தில் குடையோடு நின்று கூரை விளிம்பையே பார்த்தேன். ஓட்டின் மேல் ஓடிவருகிற தண்ணீர் கடைசி ஓட்டின் நுனிக்கு வந்ததும் கீழே விழும் என்றுதான் உலகம் நினைக்கிறது. விழவில்லை. நுனியைப் பிடித்துக்கொண்டு, ஓட்டின் அடிப்பக்கமாக அப்படியே திரும்பி, உள்ளே போகிறது. வீட்டை விட்டுப் போக மனமில்லாத விருந்தாளி மாதிரி. போய் ஓரப் பலகையை நனைத்து, பலகை வழியாகச் சுவருக்கு இறங்குகிறது. பலகை ஏற்கெனவே நனைந்த ரொட்டி போல இருந்தது.

என் தலைக்கு மேலிருந்த குடையைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் தண்ணீர் திரும்பி உள்ளே வரவில்லை. ஒவ்வொரு கம்பி முனையிலும் வந்து நின்று, சொட்டுச் சொட்டாக வெளியே விழுந்தது. இத்தனை வருஷம் இந்தக் குடையை விரித்து விரித்துக் காட்டியிருக்கிறேன், ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. கூரைக்குத் தேவை அதுதான்: ஓட்டுக்கு அடியில் செருகி, பலகையை மூடி, வெளிப்பக்கமாக உதடு மடித்துவிட்ட ஒரு தகடு. வந்த தண்ணீர் திரும்ப வழியில்லாமல் அந்த உதட்டிலிருந்து நேரே தெருவில் விழவேண்டும்.

மறுநாள் காலை கடைக்கு நேரமாகிவிட்டது. நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டு மனைவியிடம் சொன்னேன். துத்தநாகத் தகட்டை எங்கள் வீட்டில் நாகத்தகடு என்போம். அந்த ஊரில் எல்லோரும் 'ஸிங்' என்பார்கள். நான் ஸிங் என்று சொல்லியிருக்கலாம். தகரம் என்றாவது சொல்லியிருக்கலாம். நாகத்தகடு என்று முழுதாகச் சொல்லியிருந்தால்கூட அவள் தகடு என்றால் என்ன என்று கேட்டிருப்பாள். வாயில் ரொட்டி. தகடு ரொட்டியோடு உள்ளே போய்விட்டது.

"ஓடு முடியிற எடத்துல நாகம் வைக்கணும். நீளமா, வளைச்சு. நாகம் வெச்சா தண்ணி உள்ள வராது. உங்கம்மாவுக்குத் தெரிஞ்ச தகரக்கடைக்காரர்கிட்ட சொல்லச் சொல்லு."

"நாகமா?"

"நாகந்தான். நல்ல கனமா இருக்கட்டும்."

அவள் கூரையைப் பார்த்தாள். பிறகு, "உங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் வைப்பாங்களா?" என்றாள்.

"வசதி இருக்கிறவன் வைப்பான்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அன்று மத்தியானம் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டதை என் மனைவி பின்னால் எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"அம்மா, அவர் கூரை ஓரத்துல நாகா வைக்கணுங்கறார். நீளமா, வளைஞ்சு, கனமா."

"நாகாவா? எதுக்கு?"

"அது இருந்தா தண்ணி உள்ளே வராதாம். அவங்க ஊர் வழக்கம்."

மாமியார் யோசித்தாராம். பிறகு, "வராதுதான். நாகா தண்ணிக்கே ராஜா. தார் பூசுறதுக்கு முன்னாலேயே உன் புருஷன் இதைச் சொல்லியிருந்தா என் கெபாயா தப்பிச்சிருக்கும்" என்றாராம். மூலையில் கிடந்த என் குடை ஒன்றை எடுத்துக் கூரையின் நீளத்தைக் கீழே நடந்து நடந்து அளந்துகொண்டு, அவருக்குப் பலகார அச்சு செய்துதரும் சீனத் தகரக்காரரிடம் போய்விட்டார்.

நான்கைந்து நாள் கழித்து, கடை சீக்கிரம் அடைத்த ஒரு மத்தியானம் வீட்டுக்குத் திரும்பினால், சந்து முனையில் கூட்டம். அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடினேன். நடுவில் ஒரு ரிக்‌ஷா. அதில் மகாராணி மாதிரி மாமியார். இரண்டு பக்கமும் பளபளவென்று நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகள். மடியில், கைக்குழந்தையைப் பிடித்தாற்போல, ஒரு தலை. திறந்த வாய். வெளியே தொங்கும் நாக்கு. உருண்டைக் கண். இரண்டு பக்கமும் விறைத்து நிற்கும் மீசை. பின்னாலேயே ஏணியோடு தகரக்காரர்.

"மாமி, இது என்ன?"

"என்னவா? நீ கேட்ட நாகா."

"நான் எப்போ..."

அப்போதுதான் ரொட்டி ஞாபகம் வந்தது. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. ஆனால் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகரக்காரர் முகத்தில் பெருமையும் பயமும் சரிபாதி.

"பாகுஸ், தௌகே?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறதா முதலாளி, என்று. நான் நாகாவின் தலையையே பார்ப்பதைக் கண்டு, "மீசை சின்னதா?" என்றார். மலாயில்தான்.

மீசையை உற்றுப் பார்த்தேன். குடைக்கம்பி. நாகாவுக்கு மீசை வேண்டும், கம்பி வேண்டும் என்று அவர் கேட்டதும், மாமியார் என் வீட்டு மூலையில் கிடந்த உடைந்த குடைகளை உரித்துக் கொடுத்திருக்கிறார்.

"மீசை சரியாத்தான் இருக்கு" என்றேன்.

ஜன்னல் வழியாக என் மனைவியின் குரல் வந்தது. "பாயோங்காரர், நீங்க கேட்டதுதானே?" உள்ளே போய் அவள் காதில் விஷயத்தைச் சொன்னேன். நாகம் என்றால் எங்கள் தமிழில் ஸிங் என்று. அவள் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டாள். கட்டில் குலுங்கியது. மாமியார் உள்ளே ஓடி வந்து, "ஆடோய்! சிரிக்காதே, சிரிக்காதே, மருத்துவச்சி என்ன சொன்னார்!" என்று அவள் தோளை அமுக்கினார். ஏன் சிரிக்கிறாள் என்று அவர் கேட்டதற்கு, நாகாவின் முகம் என்னைப் போல இருக்கிறதாம் என்று நான் சொல்லிவைத்தேன். அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கொஞ்சம் இருக்கு" என்றார்.

சரி, வந்ததை மாட்டுவோம். தகரக்காரர் கடைசி வரிசை ஓடுகளைத் தூக்கி அடியில் தகட்டைச் செருகினார். இற்றுப்போன பலகைக்குப் பதிலாக வேறு பலகை அடித்தார். தகட்டை அதன்மேல் வளைத்து ஆணி அடித்தார். தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று மாமியார் சொன்னதை அவர் மறக்கவில்லை. உதட்டை வெளிப்பக்கமாக மடித்துத்தான் இருந்தார். அதோடு நாகாவின் செதில் என்று உதடு நெடுகிலும் கூர்கூராகப் பற்கள் வெட்டியிருந்தார். கோடியில், எங்கள் வாசல் படிக்கு மேலே, அந்தப் பக்கத்துத் தண்ணீர் வாய் வழியாக விழும்படி, தலை. என் பங்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்று இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

வேலை முடிந்தபோது சந்தே நின்று பார்த்தது. கோயிலுக்குப் போகிற ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எதிர்வீட்டுக்காரர் மட்டும், "கடைசியில் வீட்டுக்குக் குடை வந்துடுச்சு, ஆனா முழிக்குதே" என்றார்.

மாசக் கடைசி வந்துவிட்டது. பொம்மை வேலை செய்யுமா? செய்யாவிட்டால் என் மனைவி அடுத்த தெருவுக்குப் போவாள். நான் நாகாவோடு குடித்தனம் செய்யவேண்டும்.

மறுநாள் காலையே சுமத்திராக் காற்று அடித்தது. நீரிணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் அந்தக் காற்றில் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அறையும். நான் அறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். வெளியே செதில் ஒவ்வொன்றின் கூரிலும் தண்ணீர் ஒரு கணம் நின்று, தனித்தனியாகத் தெருவில் விழுந்தது. குடைக்கம்பி முனைகள் போலவே. தகரக்காரர் அழகுக்கு வெட்டினார், அது வேலைக்கு ஆயிற்று. கோடியில் நாகா வாயைத் திறந்து கக்கிக்கொண்டிருந்தது.

மழை ஓயட்டும் என்று மாமியார் காத்திருப்பாரா? குடை விற்கிற மாப்பிள்ளை இருந்தும் குடை இல்லாமல் தலையில் பலகாரத் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். படியில் கால் வைத்ததும் தட்டை இறக்கினார். நாகா முழு வாய்த் தண்ணீரையும் அவர் தலைமேல் விட்டது.

"ஆடோய்!" என்று ஒரு சத்தம். சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். சுவரில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தது.

"பார்! ஈரம்!"

"அம்மா, அது உங்க கை" என்றாள் மகள்.

நான் துண்டை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வேறு இடத்தில் வைத்தார். புறங்கையை வைத்தார். நம்பாமல் குனிந்து, தலையணைக்குப் பக்கத்தில், கன்னத்தையே சுவரில் வைத்துப் பார்த்தார்.

"காய்ஞ்சிருக்கு" என்றார்.

நான் ஜெயித்த நிமிஷம் அது. துள்ளிக் குதிக்க வேண்டியவன். ஆனால் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கூந்தலைப் பிழிந்த விதத்தைப் பார்த்ததும் துள்ளத் தோன்றவில்லை. "நல்லது. அப்போ இங்கேயே இரு" என்று மகளிடம் சொன்னார். "அங்கே அறையெல்லாம் சுத்தம் பண்ணி வெச்சேன். புதுப் பாய் போட்டு வெச்சேன். பரவாயில்லை. நாகா நல்லா வேலை செய்யுது."

என் மனைவி அவர் ஈரக் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, சாயங்காலம் ஆனா அந்த வீட்டுல நீங்க யார்கூடப் பேசுறீங்க?"

"பூனைகூட."

"அது பதில் சொல்லுதா?"

"உன் புருஷனை விட நல்லா சொல்லுது."

"அப்போ பூனையையும் கூட்டிட்டு வாங்க."

மாமியார் என்னைப் பார்த்தார். முதல் முறையாக, நாகப்பட்டினத்து ஆள் என்ற சந்தேகமில்லாமல், அனுமதி கேட்கிற மாதிரி.

"பாயை நானே தூக்கிட்டு வர்றேன், மாமி" என்றேன். "பூனையை மட்டும் நீங்க பிடிங்க. அது என்னைக் கண்டா சீறும்."

மழை விட்டதும் போனோம். புதுப் பாய், பலகார அச்சுகள், பேறுகாலச் சாமான், பூனை. கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரிக்கப்பட்டது. என் படுக்கை முன்கட்டுக்குப் போயிற்று. மகளை என்னிடமிருந்து பிரிக்காமல், என்னை மட்டும் மகளிடமிருந்து எட்டு அடி தள்ளி வைத்ததோடு முடிந்தது. நான் குறை சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவும் மகளும் நாளெல்லாம் பேசிச் சிரிப்பது எனக்குக் கேட்கும். அடிக்கடி நாகா என்ற சொல்லும் வரும். பிராணியையா என்னையா என்று நான் விசாரித்ததில்லை.

வலி கண்ட சேதி கடைக்கு வந்தபோது மத்தியானம், கொட்டுகிற மழை. முதலாளி, "குடை எடுத்துட்டுப் போப்பா, நீ விக்கிறதுதானே" என்று சத்தம் போட்டு ஒரு குடையைக் கையில் திணித்தார். ஓடிவந்து பார்த்தால் கதவு சாத்தியிருந்தது. மருத்துவச்சி உள்ளே. ஆண்பிள்ளை வரக்கூடாது. படியில் நின்றேன். நேர் மேலே நாகாவின் வாய். குடைமேல் தண்ணீர் விழுகிற சத்தத்தில் உள்ளே நடப்பது ஒன்றும் கேட்கவில்லை. நகர்ந்து நின்றிருக்கலாம், ஆனால் ஜன்னல் அங்கேதான் இருந்தது.

குடையை மடக்கினேன்.

தண்ணீர் தலையில் விழுந்து முதுகில் இறங்கியது. காதை ஜன்னல் பலகையில் வைத்தேன். மருத்துவச்சியின் குரல். மாமியாரின் குரல். அவள் குரல், நீளமாக. அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை நான் போன பிள்ளையின்போது கேட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குப் பின்தான் அது கேட்டது: பூனை சீறுவது போல, கோபமாக, யாரோ தன்னைத் தூக்கத்தில் எழுப்பிவிட்டதாக உலகத்தின் மேலேயே புகார் சொல்கிற ஒரு புதுக் குரல்.

ஜன்னல் கொஞ்சம் திறந்தது. மாமியாரின் முகம். கண்ணெல்லாம் சிரிப்பு.

"பெண். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." பிறகுதான் என்னைச் சரியாகப் பார்த்தார். கையில் மடக்கிய குடை, தலைமேல் நாகா கக்குகிற தண்ணீர். "ஆடோய், உனக்கென்ன பைத்தியமா?"

"உள்ள வரட்டுமா, மாமி?"

"இப்படியேவா? சுவர் காய்ஞ்சிருக்கு, பாய் காய்ஞ்சிருக்கு, பிள்ளை காய்ஞ்சிருக்கு. இந்த வீட்டுல ஈரம் நீ ஒருத்தன்தான். அங்கேயே நில்லு."

உள்ளேயிருந்து என் மனைவியின் மெலிந்த குரல், தமிழில்: "பாயோங்காரர், நீங்க முதல்ல தலை துவட்டு."

ஜன்னல் வழியாக ஒரு துண்டு வந்து என் முகத்தில் விழுந்தது.